முதல் விமானத்தில் நஷ்டம்: லாங் பீச் சொல்லும் கணக்கு

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கும் ஊர் லாங் பீச். அதன் துறைமுகமும், அங்கே நிரந்தரமாகக் கட்டி நிறுத்தியிருக்கும் குயின் மேரி என்ற பழைய கப்பலும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஊரின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 1958 முதல் 2006 வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, பயணிகள் ஜெட் விமானங்கள் அங்கே உருவாகின. எல்லாம் டக்ளஸ் நிறுவனமும் அதன் வாரிசுகளும் செய்தவை: டிசி-8, டிசி-9, டிசி-10, எம்டி-80, எம்டி-11, எம்டி-90, கடைசியாக போயிங் 717. ராணுவத்துக்குப் போன சிலவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை சுமார் 3,600. அவற்றுள் ஒரு சிறு பகுதி மட்டும் சீனாவில் ஷாங்காய் நகரில் பூட்டப்பட்டது.

இன்று அந்த ஊரில் ஒரு பயணிகள் விமானம்கூடத் தயாராவதில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டால், “போயிங் வந்து விழுங்கிவிட்டது” என்று சுருக்கமாக முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது கடைசி அத்தியாயம் மட்டும்தான். அதற்கு முன்பே, முப்பது வருடங்களாக, ஒரு கணக்கு இந்த ஊரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கற்றல் வளைவு என்று பெயர். விமானத் தொழிலைப் புரிந்துகொள்ள விரும்பும் யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கணிதம் பயமுறுத்தாது, பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில், ஓர் ஊர் விமானத்தைச் செய்கிறது என்றால் என்ன பொருள் என்று பார்த்துவிடலாம்.

ஒரே கூரைக்குக் கீழ் ஆணி முதல் எஞ்சின் வரை எல்லாம் தயாராவதில்லை. டிசி-9-இன் இறக்கைகள் கனடாவின் டொராண்டோ பக்கத்திலிருந்து வந்தன. டிசி-10-இன் உடல் பகுதியை சான் டியேகோவில் இருந்த கான்வேர் நிறுவனம் செய்து கொடுத்தது. எஞ்சின்கள் பிராட் அண்ட் விட்னி, ஜெனரல் எலக்ட்ரிக் போன்றவர்களிடமிருந்து வரும். லாங் பீச்சில் நடந்தது வடிவமைப்பு, முக்கியமான பல பாகங்களின் உற்பத்தி, அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் இறுதிப் பூட்டு வேலை. உடல் துண்டுகளை இணைப்பது, இறக்கையை மாட்டுவது, கிலோமீட்டர் கணக்கில் மின்கம்பி இழுப்பது, எரிபொருள் தொட்டியாகப் பயன்படும் இறக்கையின் உட்புறத்தைக் கசிவில்லாமல் பூசி அடைப்பது, சோதனை, பெயின்ட், முதல் பறப்பு.

இதில் ரிவெட் அடிக்கும் வேலையை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு பெரிய விமானத்தில் ரிவெட்டுகளும் மற்ற பிணைப்புகளும் லட்சக்கணக்கில் இருக்கும். கையால் அடிக்கும்போது அது இரண்டு பேர் வேலை. ஒருவர் வெளியே நின்று காற்றழுத்தத் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையில் அடிப்பார். இன்னொருவர் உள்ளே இருந்து, ஒரு கனமான எஃகுக் கட்டையை ரிவெட்டின் வால்பக்கம் அழுத்திப் பிடிப்பார். அடியின் வேகத்தில் வால் நசுங்கி அகலமாகி, தகடுகள் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். அடி குறைந்தால் பிடிப்பு இருக்காது. கூடினால் தகடு நெளியும், விரிசல் விடும். நடுவில் உலோகச் சுவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் உள்ளே இருப்பவர் கட்டையால் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு என்றால் சரி, அடுத்ததற்குப் போ. மூன்று என்றால் கெட்டுப்போயிற்று, பிடுங்கி மறுபடி போட வேண்டும்.

இப்படி ஒரு ஜோடி மாதக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தால் மூன்று தட்டு அபூர்வமாகிவிடும். எந்த இடத்தில் கை எட்டாது, எந்தக் கட்டை எந்த மூலைக்கு, எந்த வேலையை முதலில் முடித்தால் அடுத்த ஆளுக்கு வழிவிடலாம் என்பதெல்லாம் வரைபடத்தில் எழுதியிருக்காது. கையில் ஏறியிருக்கும். கற்றல் வளைவு என்பது இதை எண்களில் எழுதிப் பார்ப்பதுதான்.

1936-இல் தியோடர் ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களுக்கு இவர் உறவில்லை. கர்ட்டிஸ்-ரைட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் கண்டது இது: செய்த விமானங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது.

ஒரு கற்பனை உதாரணம். முதல் விமானத்துக்கு 10 லட்சம் மணிநேர உழைப்பு ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதற்கு 8 லட்சம் போதும். நான்காவதற்கு 6.4 லட்சம். எட்டாவதற்கு 5.12 லட்சம். 16-வது 4.1 லட்சம், 32-வது 3.3 லட்சம், 64-வது 2.6 லட்சம், 128-வது 2.1 லட்சம். முதலில் சரசரவென்று இறங்கும், போகப் போக மெதுவாகும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனதில் 2 லட்சம் மணி மிச்சம். 64-லிருந்து 128-க்குப் போக இன்னும் 64 விமானம் செய்ய வேண்டும். மிச்சமோ அரை லட்சம்.

எல்லாத் தொழிலிலும் பழகப் பழக வேகம் வரும்தானே, இதில் என்ன விசேஷம்? விலையில்தான் விசேஷம். பிஸ்கட் தொழிற்சாலை பழகிக்கொள்ளும் நேரம் சில நாட்கள். அதற்குள் லட்சம் பாக்கெட் போயிருக்கும். விமானத்தில் மொத்த வாழ்நாள் விற்பனையே சில நூறுதான். முதல் விமானத்தை வாங்கும் விமானக் கம்பெனி, “உங்கள் ஆட்கள் பழகுவதற்கு நாங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?” என்று கேட்கும். ஆகவே முதல் விமானத்துக்கும் நூறாவது விமானத்துக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் வைக்க முடியும். நம் உதாரணத்தில் 3 லட்சம் மணிநேரத்துக்கான கூலியை ஈடுகட்டும் விலை வைத்தால், 42-வது விமானம் வரை ஒவ்வொன்றிலும் நஷ்டம். அதன்பிறகு லாபம் வரும். ஆனால் அதுவரை விட்டதைப் பிடிக்க 130-ஐ ஒட்டிப் போக வேண்டும். வடிவமைப்புக்கும் அச்சுகளுக்கும் கருவிகளுக்கும் முன்கூட்டியே கொட்டிய பணம் இதில் சேரவில்லை. அதையும் சேர்த்தால் சில நூறு விற்றால்தான் தலை நிமிர முடியும்.

போட்டியாளர் ஒருவர் வந்து பாதி ஆர்டரைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? இரண்டு பேருமே வளைவின் மேட்டிலேயே நின்றுவிடுவார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு லாங் பீச்சுக்குப் போகலாம்.

டக்ளஸ் நிறுவனத்தின் சொந்த ஊர் லாங் பீச் அல்ல, சான்டா மோனிகா. டொனால்ட் டக்ளஸ் 1921-இல் தொடங்கியது. உலகம் முழுக்கப் பறந்த டிசி-3 அங்கே பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போர் நெருங்கிய நேரத்தில், லாங் பீச் விமான நிலையத்தை ஒட்டிப் புதிய தொழிற்சாலை எழுந்தது. 1941 அக்டோபரில் திறந்தார்கள். இரவில் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று ஜன்னலே இல்லாமல் கட்டிய கட்டடங்கள். போர் முடிவதற்குள் அங்கிருந்து 9,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் போயின. சி-47 சரக்கு விமானங்களும் பி-17 குண்டுவீச்சு விமானங்களும் அவற்றில் முக்கியமானவை. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, ரிவெட் துப்பாக்கியைப் பிடித்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். தொழிற்சாலை வாசலையே பார்த்திராத ஆட்களை வைத்து அந்த எண்ணிக்கையை எட்டினார்கள். ரைட்டின் விதிக்கு அதைவிடப் பெரிய சோதனைக்கூடம் கிடைத்திருக்காது. 1950-களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே லேக்வுட் என்ற புறநகர் முளைத்தது. மூன்றே ஆண்டுகளில் 17,500 வீடுகள். அந்தக் குடும்பங்களில் பல டக்ளஸ் சம்பளத்தில் வாழ்ந்தவை.

ஜெட் யுகம் லாங் பீச்சுக்கு வந்ததற்குக் காரணம் ஓடுபாதை. டிசி-8-க்கு நீளமான ஓடுபாதை வேண்டும். சான்டா மோனிகாவில் நீட்டிக்க ஊர்க்காரர்கள் சம்மதிக்கவில்லை. லாங் பீச்சில் இடம் இருந்தது. அப்படித்தான் 1958 மே 30 அன்று முதல் டிசி-8 அங்கிருந்து கிளம்பியது.

அதற்கு முன்பே பந்தயம் ஆரம்பித்துவிட்டது. 1955 அக்டோபரில் பான் அமெரிக்கன் என்ற விமானக் கம்பெனி ஒரே நேரத்தில் 20 போயிங் 707-க்கும் 25 டிசி-8-க்கும் ஆர்டர் கொடுத்தது. போயிங்கிடம் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த மாதிரி விமானம் இருந்தது. டக்ளஸிடம் இருந்தது வரைபடம். ஆனாலும் டக்ளஸுக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். டிசி-3 முதல் டிசி-7 வரை சம்பாதித்த பெயர் அப்படி. டிசி-8-இன் உடல் அகலத்தைப் பார்த்துவிட்டு போயிங் தன் 707-ஐ அகலப்படுத்த வேண்டி வந்தது. மாதிரி விமானம் என்று ஒன்றைத் தனியாகச் செய்யாமல், நேரடியாக உற்பத்தி வரிசையிலேயே இறங்கியது டக்ளஸ். முதல் சில விமானங்களையே சோதனைக்குப் பறக்கவிட்டார்கள். துணிச்சல்தான். ஆனால் வளைவின் மிகச் செங்குத்தான பகுதியை, வரைபடத் திருத்தங்களோடு சேர்த்து, கடக்க வேண்டியிருந்தது. போயிங்குக்கோ அமெரிக்க விமானப்படை கொடுத்த எரிபொருள் நிரப்பும் விமான ஆர்டர் பக்கபலமாக இருந்தது. அதே வகை வேலையை அரசாங்கச் செலவில் பழகிக்கொள்ள முடிந்தது. டக்ளஸுக்கு 1959, 1960 இரண்டு ஆண்டும் நஷ்டம். மொத்தம் 556 டிசி-8 செய்தார்கள். 707, ராணுவ வகைகளையும் சேர்த்து, ஆயிரத்தைத் தாண்டியது.

இலங்கை வாசகர்களுக்கு டிசி-8 இன்னொரு விதத்தில் நினைவிருக்கலாம். 1974 டிசம்பர் 4 அன்று இந்தோனேசிய ஹஜ் பயணிகளுடன் கொழும்பை நோக்கி வந்த மார்ட்டின்ஏர் விமானம் மஸ்கெலியா அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். அது ஒரு டிசி-8. ஏர் சிலோனும் அந்தக் காலத்தில் டிசி-8 பறக்கவிட்டது.

சரி, வளைவை வெல்ல என்ன வழி? டக்ளஸ் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது: புது விமானம் செய்யாதே, இருப்பதை நீட்டு.

விமானத்தின் உடல் பெரும்பாலும் ஒரே விட்டமுள்ள குழாய். இறக்கைக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் குழாய்த் துண்டுகளைச் செருகினால் கூடுதல் இருக்கைகள் கிடைக்கும். மூக்கு அதே, விமானி அறை அதே, வால் பகுதி அதே. ஆட்கள் பழகிய வேலை அப்படியே தொடரும். வளைவின் உச்சிக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை. டிசி-8-ஐ இப்படி 11 மீட்டருக்கும் மேல் நீட்டி, 1966-இல் சூப்பர் 61 என்று பறக்கவிட்டார்கள். 259 பேர் வரை உட்காரலாம்; போயிங் 747 ஜம்போ வரும் வரை அதுதான் பெரியது. போயிங் 707-ஐ அப்படி நீட்ட முடியவில்லை. அதன் சக்கரக் கால்கள் குட்டை. நீட்டினால், மேலெழும்ப மூக்கைத் தூக்கும்போது வால் தரையில் இடிக்கும். டிசி-8-க்குக் கால்கள் உயரம். பத்து வருடம் கழித்து பலன் கொடுத்த உயரம் அது.

டிசி-9 இந்த வித்தையின் உச்சம். 1965 பிப்ரவரியில் முதலில் பறந்தபோது அதன் நீளம் சுமார் 32 மீட்டர். சின்ன ஊர்களுக்கான விமானம்: எஞ்சின்கள் இரண்டும் வால் பக்கம், உடல் தரையை ஒட்டித் தாழ்வாக, தானே இறக்கிக்கொள்ளும் படிக்கட்டு. ஏணி வண்டி, தூக்கும் வண்டி எதுவும் இல்லாத விமான நிலையத்திலும் ஆளையும் பெட்டியையும் ஏற்றிக்கொள்ளலாம். அதை நீட்டிக்கொண்டே போனார்கள். 1979-இல் பறந்த எம்டி-80 சுமார் 45 மீட்டர். எம்டி-90 அதற்கும் மேல். கடைசியில் வந்த 717 மறுபடி சுருங்கி, பழைய டிசி-9-இன் நடுத்தர வகையின் அளவுக்கு வந்து நின்றது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் புத்தகத்தில் இவை அத்தனையும் ஒரே வகைச் சான்றிதழின் கீழ் வருகின்றன. 1965-இன் டிசி-9-உம் 2006-இன் போயிங் 717-உம் சட்டப்படி ஒரே குடும்ப அட்டையில் இருக்கிறார்கள். குடும்பத்தின் மொத்த எண்ணிக்கை 2,400-க்கும் மேல். லாங் பீச்சின் பெருமை என்று எதையாவது ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஜம்போ காலத்து டிசி-10-ஐ விட்டுவிட்டு இந்தச் சின்ன விமானத்தைத்தான் நான் சொல்வேன்.

இவ்வளவு நன்றாக விற்ற டிசி-9-தான் டக்ளஸ் கம்பெனியை மூழ்கடித்தது என்பது வேடிக்கை.

1966-இல் ஆர்டர் குவிந்திருந்தது. வியட்நாம் போர் வேறு நடக்கிறது. எஞ்சின், சக்கரக் கால்கள் என்று எல்லாவற்றுக்கும் ராணுவம் முன்வரிசையில் நிற்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் கைத்தேர்ச்சி உள்ள ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார்கள். இங்கேதான் வளைவின் இன்னொரு முகம் தெரிகிறது. கற்றல் கம்பெனியின் கோப்பில் இருப்பதில்லை, ஆளிடம் இருக்கிறது. பாதி ஆட்கள் புதியவர்கள் என்றால், ஐம்பதாவது விமானத்திலும் ஐந்தாவது விமானத்தின் தவறுகள் வரும். போதாததற்கு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு அமைப்பு. வளைவு இறங்கும் என்று நம்பி விலையைக் குறைவாக வைத்து ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், அது இறங்கவில்லை. பாகம் வராமல் அரைகுறையாக நிற்கும் விமானங்களில் பணம் முடங்கியது. அந்த ஆண்டு நஷ்டம் 2 கோடியே 70 லட்சம் டாலரைத் தாண்டியது. வங்கிகள் கையை விரித்தன. 1967 ஏப்ரலில், செயின்ட் லூயிஸ் நகரில் போர் விமானம் செய்துகொண்டிருந்த மெக்டானல் நிறுவனம் டக்ளஸைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆர்டர் இல்லாமல் மூடிய கம்பெனிகள் நிறைய. ஆர்டர் அதிகமாகிக் கவிழ்ந்தது இது.

அடுத்தது டிசி-10. வளைவைப் பங்கு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 1968-இல், இரண்டு மாத இடைவெளியில், இரண்டு கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி விமானத்தை அறிவித்தன. மூன்று எஞ்சின், அகல உடல். லாங் பீச்சில் டிசி-10. பாலைவனப் பக்கம் பாம்டேலில் லாக்ஹீடின் டிரைஸ்டார். இரண்டு ஊரும் ஒரே லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம். சந்தை ஒரு விமானத்துக்குத்தான் இடம் கொடுக்கும் என்று இரு பக்கமும் தெரிந்திருந்தும் யாரும் விலகவில்லை. ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சின் கம்பெனி 1971-இல் திவாலானதால் டிரைஸ்டார் தாமதமானது. முடிவில் டிரைஸ்டார் 250, டிசி-10 446; அதில் 60 ராணுவத்தின் எரிபொருள் நிரப்பும் விமானம். ஒரே கம்பெனி இந்த எழுநூறையும் செய்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். லாக்ஹீட் பயணிகள் விமானத் தொழிலையே விட்டுப் போனது.

டிரைஸ்டார் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. 1970-களின் நடுவில் ஆர்டர் குறைய, ஆட்களை அனுப்பினார்கள். பிறகு ஆர்டர் வந்து வேகத்தைக் கூட்டியபோது, ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு நேரம் குறைவதற்குப் பதிலாக ஏறியது. பொருளாதார அறிஞர்கள் இதை எடுத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கற்றது மறந்தும் போகும். வளைவு மேல்நோக்கியும் திரும்பும்.

டிசி-10-இன் விபத்துகளைச் சொல்லாமல் நகர முடியாது. அதன் சரக்கறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும் வகை. கொக்கிகள் முழுசாக விழாதபோதும் கைப்பிடியை அழுத்தி மூடிவிட முடிந்தது. 1972-இல் கனடாவின் விண்ட்சர் நகருக்கு மேலே கதவு பிய்த்துக்கொண்டு போனது. விமானிகள் எப்படியோ இறக்கிவிட்டார்கள். கட்டாய உத்தரவு போட்டுத் திருத்த வேண்டிய நேரம் அது. அதிகாரிகளும் கம்பெனியும் பேசி முடித்துக்கொண்டார்கள். 1974 மார்ச் 3, பாரிஸ் அருகே துருக்கி விமானம் அதே கதவால் விழுந்தது. 346 பேர். 1979-இல் சிகாகோவில் 273 பேர் இறந்தது வேறு காரணம்: எஞ்சினைத் தாங்கும் சட்டத்தோடு சேர்த்து ஃபோர்க்லிஃப்டால் கழற்றிய பராமரிப்பு முறையில் விழுந்த விரிசல். அதன்பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் அமெரிக்காவில் எல்லா டிசி-10-களையும் தரையிறக்கி நிறுத்தினார்கள். பெயர் கெட்டது கெட்டதுதான். வேகமாகச் செய்யப் பழகுவதும் சரியாகச் செய்வதும் ஒன்றல்ல என்பதை உழைப்பு நேரக் கணக்கு சொல்லவே சொல்லாது.

1980-களில் எம்டி-80 கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மட்டும் ஒரு காலத்தில் 350-க்கும் மேல் வைத்திருந்தது. மொத்தம் 1,191. ஆர்டர் குவிய, பழைய கதை திரும்பியது: ஆயிரக்கணக்கில் புது ஆட்கள், தாமதம், மறுவேலை. அந்த நேரம் பார்த்து 1989-இல் நிர்வாகம் முழு அமைப்பையும் கலைத்து, மேலாளர்களையும் மேற்பார்வையாளர்களையும் தங்கள் வேலைக்கே மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னது. தரத்தை உயர்த்துவதுதான் நோக்கமாம். எந்த மூலையில் என்ன சிக்கல் வரும் என்று தெரிந்தவர்கள் பலர் அந்தக் கலக்கத்தில் இடம் மாறிப் போனார்கள். 1966-இல் வாங்கிய அடி யாருக்கும் நினைவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எம்டி-11-ஐ வேகமாகக் கடந்துவிடலாம். டிசி-10-ஐ நீட்டிய விமானம். சொன்ன தூரம் பறக்கவில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1991-இல் ஆர்டரை ரத்து செய்து ஏர்பஸ் பக்கம் போனது. 200-உடன் நின்றது. பயணிகளைவிட சரக்குக் கம்பெனிகள்தான் அதை விரும்பின.

1997 ஆகஸ்ட்டில் மெக்டானல் டக்ளஸ் போயிங்கோடு இணைந்தது. அப்போது லாங் பீச்சில் உருவாகிக்கொண்டிருந்த எம்டி-95-க்கு போயிங் 717 என்று பெயர் மாற்றினார்கள். நல்ல விமானம். உற்பத்தி வரிசையையும் புதுமையாக அமைத்தார்கள்: கார் தொழிற்சாலை போல விமானங்கள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்க, ஆட்கள் வேலை செய்வார்கள். ஆனால் அதோடு சேர்த்து விற்க வேறு அளவுகள் இல்லை. பெரியதும் சின்னதுமாக ஒரே வகையில் பல அளவு வைத்திருக்கும் ஏர்பஸ் ஏ320-உம் போயிங்கின் சொந்த 737-உம் எண்ணிக்கையில் எங்கோ போய்விட்டன. அவற்றின் வளைவு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. 717 தனி ஆளாக 156 வரை வந்தது. 2005 ஜனவரியில் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. 2006 மே 23 அன்று கடைசி இரண்டு விமானங்களை ஏர்ட்ரான், மிட்வெஸ்ட் என்ற விமானக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள்.

தொழிற்சாலைக்கும் ஓடுபாதைக்கும் நடுவே லேக்வுட் சாலை ஓடுகிறது. ஒவ்வொரு விமானத்தையும் போக்குவரத்தை நிறுத்தி, சாலையைக் குறுக்கே கடத்தித்தான் விமான நிலையத்துக்குள் கொண்டுபோவார்கள். சிக்னலில் காத்திருக்கும் காருக்கு முன்னால் புத்தம்புது விமானம் ஒன்று மெல்ல உருண்டு போவது அந்த ஊரில் அப்போது சாதாரணக் காட்சி. “ஃப்ளை டிசி ஜெட்ஸ்” என்ற நியான் பலகை தொழிற்சாலைக் கட்டடத்தின் உச்சியில் பல பத்தாண்டுகள் இருந்தது. ஊர்க்காரர்கள் அதை அழிய விடவில்லை. கட்டடம் பின்னர் மெர்சிடிஸ்-பென்ஸ் கார் கம்பெனி கைக்குப் போனது.

சி-17 ராணுவச் சரக்கு விமானம் மட்டும் இன்னும் ஒன்பது வருடம் ஊரில் விமான வேலையை உயிரோடு வைத்திருந்தது. இந்திய விமானப்படை ஹிண்டன் தளத்தில் வைத்திருக்கும் சி-17-கள் இங்கே செய்தவைதான். 2015 நவம்பரில் அதுவும் நின்றது.

ஆட்கள் எங்கே போனார்கள்? பலர் ஓய்வு பெற்றார்கள். ஆனால் ஒரு பகுதித் திறமை ஊரிலேயே வேறு வேலைக்குத் திரும்பியது. ராக்கெட் லேப் நிறுவனத்தின் தலைமையகம் லாங் பீச்சில். ரிலேட்டிவிட்டி ஸ்பேஸ் பழைய சி-17 கட்டடத்திலேயே ராக்கெட் வேலை செய்கிறது. இப்போது ஊருக்கு “ஸ்பேஸ் பீச்” என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். ராக்கெட்டுக்கும் மெல்லிய உலோகத் தகட்டை எடை கூடாமல், கசியாமல் இணைக்கத் தெரிந்த கைகள் வேண்டுமே.

பயணிகள் விமானக் கனவும் முழுசாக விடவில்லை. உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த வடிவத்தில் விமானம் செய்யலாம் என்ற யோசனை, மெக்டானல் டக்ளஸின் லாங் பீச் அலுவலகத்தில் 1990-களில் வளர்ந்தது. அங்கே அதில் வேலை பார்த்த மார்க் பேஜ் பின்னாளில் ஜெட்ஜீரோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த நிறுவனம் லாங் பீச் விமான நிலையத்தை ஒட்டியே இயங்குகிறது. சுமார் 250 பேர் அமரும் விமானம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறது. அதை எந்த ஊரில் செய்வது என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். தொழிற்சாலை, நாட்டின் மறுகோடியில் வட கரோலினா மாநிலத்து கிரீன்ஸ்பரோவில் அமையப்போகிறது. முதல் விமானத்துக்கு ஆகும் பத்து லட்சம் மணிநேரத்தை இந்த முறை அந்த ஊர்க்காரர்கள் பழகப்போகிறார்கள்.